காசு கொடுத்து வாங்கிய கையெழுத்து கெட்டுப்போய் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: மார்ச் 2

"பையனுக்கு 12 வயது. பேஸ்பால் என்றால் உயிர். பிறந்தநாளுக்காக, ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெருமைப் பட்டியலில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரின் ப்ரைவேட் சைனிங்குக்கு (ரசிகர்கள் அனுப்பும் பொருள்களில் ஒருவர் கையெழுத்து வாங்கித் தரும் ஏற்பாடு) பந்து அனுப்பிவைத்தேன். கையெழுத்துக்கு 79 டாலர், பெயர் எழுத 10 டாலர், தபால் செலவு தனி. நேற்று வந்து சேர்ந்தது. 'டு கவின்' என்று கேட்டிருந்தேன், 'டு கெவின்' என்று எழுதியிருக்கிறது. போதாததற்குக் கையெழுத்தின் கடைசி எழுத்துகள் விரல் பட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. நடத்தியவருக்கு எழுதினால், 'விற்றது விற்றதுதான்' என்று ஒரே வரியில் பதில். பையன் பந்தைப் பார்த்தான். 'பரவாயில்லப்பா, ஸ்கூல்லயும் அப்படித்தானே கூப்பிடறாங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விட்டுத்தள்ளுவதா, சண்டை போடுவதா?"

மார்ச் 2, இரவு

முதலில் பந்தைத் தொடாதீர்கள். ஈரத்துணி, ஸ்பிரிட், அழி ரப்பர் எதுவும் கிட்டே வரக்கூடாது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் தையல் ஓடும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்து எடுங்கள். தோலில் இருக்கும் பால்பாயிண்ட் மை பார்க்க உலர்ந்த மாதிரி இருக்கும், தேய்த்தால் இன்னும் இழுக்கும்.

நாளைக் காலை சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். பந்தை மட்டும் எடுத்தால் போதாது. வந்த பெட்டி, சுற்றியிருந்த தாள், ஸ்டிக்கி நோட்டு (பெயர் எழுதி ஒட்டும் சின்னத் தாள்) ஏதாவது ஒட்டியிருந்தால் அது, எல்லாவற்றையும் எடுங்கள். நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தின் நகல் இருக்கிறதா? அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மீதியை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

விட்டுத்தள்ளவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். உங்களிடம் இரண்டு புகார்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் ஒரு வரி பதிலோடு அவர் தப்பித்துவிட்டார்.

மை இழுத்துக்கொண்டது யாரால்? ஆட்டக்காரர் கையாலா, பந்தை வாங்கி வைத்த உதவியாளராலா, கட்டி அனுப்பியவராலா? நிரூபிக்க முடியாது. 'எங்களிடமிருந்து நன்றாகத்தான் வந்தது' என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. பெயர் விஷயம் அப்படியில்லை. அதற்கென்று தனியாக 10 டாலர் வாங்கியிருக்கிறார். படிவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பந்தில் வேறு பெயர் இருக்கிறது. ஆகவே பெயரை முதல் புகாராக வையுங்கள். மை இழுத்ததைக் கடைசியில் ஒரு வரியில், படத்தோடு சொன்னால் போதும்.

'விற்றது விற்றதுதான்' என்பது, வாங்கியபின் மனம் மாறியவர்களுக்குச் சொல்லும் வார்த்தை. கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் அது செல்லாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். ஒப்புக்கொண்டபடி வராத சரக்கும் அதில் அடங்கும். அந்தக் கெடுவைக் காலண்டரில் குறித்துவையுங்கள், ஆனால் முதலிலேயே வங்கிக்குப் போகாதீர்கள். போனால் நடத்துபவர் கதவைச் சாத்திவிடுவார், அடுத்த முறை உங்கள் பந்தை வாங்கவே மாட்டார். வங்கி பணத்தைத்தான் திருப்பித் தரும். உங்களுக்கு வேண்டியது பந்து.

கடிதத்தில் என்ன வேண்டும் என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் கேளுங்கள். கோபத்தையும் பிறந்தநாளையும் அதில் சேர்க்க வேண்டாம்.

மார்ச் 3, பிற்பகல்

ஆட்டக்காரரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போய் எழுதலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். கூடாது. அவர் முன்னால் வைத்ததில் அவர் கையெழுத்துப் போட்டார். உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் நடத்துபவர்.

மார்ச் 5

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் பாதி வருத்தம் தணியும். நியூ ஜெர்சியில் நண்பர் ஒருவர் சின்ன அளவில் கார்டு ஷோ (ஆட்டக்காரர் படம் போட்ட கார்டும் கையெழுத்தும் விற்கும் சந்தை) நடத்துவார். அவருக்கு உதவியாக மேஜைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

ஆட்டக்காரர் நடுவில் உட்காருவார். இடப்பக்கம் ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார், வலப்பக்கம் ஒருவர் வாங்கி அடுக்குவார். பேனாவைப் பொறுத்து வரிசை போட்டிருப்பார்கள். பந்தெல்லாம் ஒரு கூட்டம், அதற்கு நீல பால்பாயிண்ட். படங்களும் மட்டையும் வேறு கூட்டம், அதற்கு ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா. ஷார்ப்பியைப் பந்தில் போட்டால் வருஷம் ஆக ஆக மை தோலுக்குள் பரவி எழுத்தின் ஓரமெல்லாம் ஊறிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பந்துக்கு பால்பாயிண்ட் கேட்பார்கள். அஞ்சலில் வந்தவை ஒரு மலையாகக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கி நோட்டு. இத்தனை மணிக்குள் இத்தனை கையெழுத்து என்று பேசித்தான் அவரை அழைத்து வந்திருப்பார்கள், ஆகவே எல்லோருக்கும் கண் கடிகாரத்தின் மேலேதான்.

இங்கேதான் உங்கள் விஷயம். ஸ்டிக்கி நோட்டை ஆட்டக்காரர் படிப்பதில்லை. நீட்டுகிறவர் வாய்விட்டுப் படிப்பார், இவர் காதில் விழுந்ததை எழுதுவார். 'கவின்' என்று நீங்கள் எழுதியதை ஓர் அமெரிக்கர் அவசரத்தில் வாசித்தால் 'கேவின்' என்று வரும். இவர் பிறந்ததிலிருந்து ஆயிரம் கெவின்களைப் பார்த்தவர், கை தானாகவே கெவின் என்று எழுதிவிடும். இதில் உங்கள் பையனை யாரும் அலட்சியம் செய்யவில்லை. ஆனாலும் படித்துச் சொல்கிறவருக்கு அது வேலை. அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மை இழுப்பதற்கும் காரணம் உண்டு. பந்தின் சுற்றளவே 9 முதல் 9¼ அங்குலம். 108 இரட்டைத் தையல். அந்தத் தையல் வரிசைகள் இரண்டும் மிக நெருங்கி வரும் குறுகலான இடம்தான் ஸ்வீட் ஸ்பாட், எல்லோருக்கும் அங்கேதான் வேண்டும். உருண்டையான பொருளை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் எழுதும்போது கட்டைவிரல் எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டத்துக்குப் போகும் பந்துகளை முதலில் சேறு தேய்த்து வழவழப்பை எடுப்பார்கள். டெலவேர் ஆற்றில் வந்து சேரும் ஒரு கிளை நீரோட்டத்திலிருந்து, நம்ம நியூ ஜெர்சிப் பக்கத்தில் எடுக்கிற சேறு அது. கடையில் வாங்குகிற பந்துக்கு அந்தத் தேய்ப்பு கிடையாது. புதுத் தோல் மேல் பேனா வழுக்கும், எழுத்து விட்டுவிட்டு விழும், மை கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்த நேரத்தில் வலப்பக்கத்து ஆள் அதை எடுத்துத் தட்டில் உருட்டினால் முடிந்தது.

மார்ச் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா, நடக்காதவர் சொல்வது சுலபம்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடந்திருக்கிறது.

ஒரு ஷோ. யார், எங்கே என்பது வேண்டாம். என் தலைமுறைக்கும் முந்தைய ஆட்டக்காரர். அமெரிக்கா வந்த புதிதில் இரவு வேலை முடிந்து வந்து தனி அறையில் பழைய ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றதில் பாதி அவர் ஆடியதைப் பார்த்து. டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, மேஜைக்கு வந்தேன். அவரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பேனா முதல் எழுத்திலேயே விட்டுவிட்டு எழுதியது. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து உதவியாளர், 'அதன் மேலேயே இன்னொரு தரம் போடுங்கள்' என்றார். அவரும் போட்டார். இரண்டு கோடு. ஒன்றோடொன்று சேராத இரண்டு கோடு. அடுத்தவர் வந்துவிட்டார், நான் நகர்ந்துவிட்டேன்.

கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் வீடு வந்து சேரும்வரை எரிச்சல். அந்தப் பந்தை அலமாரிக்குள் போட்டு மூடிவிட்டேன். நாளாவட்டத்தில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், என்னை வருத்தியது கோடு இல்லை. தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் போனதுதான். கோடு நேராக விழுந்திருந்தால் அந்த வருத்தத்தை நான் கவனித்திருக்கவே மாட்டேன். காசு கொடுத்தது கையெழுத்துக்கு, ஏங்கியது வேறொன்றுக்கு. அதற்கு டிக்கெட் யாரும் விற்பதில்லை.

இதைச் சொல்வது உங்கள் புகாரை வாபஸ் வாங்கச் சொல்வதற்காக இல்லை. நீங்கள் நடத்துபவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று பிரித்துப் பார்ப்பதற்காக. நல்ல பந்து கேட்கலாம், பணம் கேட்கலாம். கவின் அந்தப் பெட்டியைத் திறந்த அந்த முதல் நிமிடத்தை அவரால் திருப்பித் தரமுடியாது.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டு விழுந்த எழுத்தின் மேல் மறுபடி எழுதச் சொல்லாதீர்கள், யாராவது சொன்னாலும் தடுத்துவிடுங்கள். பின்னொரு நாள் என் பந்தைப் பார்த்த வியாபாரி கேட்ட முதல் கேள்வி, 'இதைத் திருத்தியது யார்?' என்பது. போலிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் தயங்கித் தயங்கி வரைந்து, மேலே தொட்டுச் சரிசெய்வார்கள். ஆகவே உண்மையான கையெழுத்தும் திருத்தினால் போலி மாதிரித் தெரியும். விட்டுப்போன எழுத்து விட்டுப்போனதாகவே இருக்கட்டும். உங்கள் பந்தில் இழுத்த மையும் அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 8

அழித்துவிட்டு மறுபடி அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: பால்பாயிண்ட் மையை எடுக்க ஏதேதோ வழி சொல்வார்கள், வெயிலில் வைக்கச் சொல்வார்கள். மை மங்கும், கூடவே தோலும் பழுக்கும். தோலில் பேனா அழுத்திய தடம் எங்கும் போகாது. அதன் மேல் புதிதாக எழுதினால் இரண்டு கையெழுத்தும் கெட்டது. புதுப் பந்து 30 டாலருக்குள் கிடைக்கும்.

மார்ச் 9

'இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் போடுவதே கிறுக்கல், அதற்கு மை இழுத்தால் என்ன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. ஹார்மன் கில்லிப்ரூ நினைவுக்கு வருகிறார். மின்னசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணிக்காரர், 573 ஹோம் ரன். அவர் கையெழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட வாத்தியார் கரும்பலகையில் எழுதியது மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். டோரி ஹண்டர் பிற்காலத்தில் அதே அணியில் இளம் ஆட்டக்காரராக இருந்தபோது கிறுக்கித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, படிக்கும்படி எழுது என்று கூப்பிட்டுக் கண்டித்தவர் கில்லிப்ரூ. உன் பெயரைப் பின்னால் வருகிறவர்களும் படிக்கவேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஹண்டர் கையெழுத்தை மாற்றிக்கொண்டார். ட்வின்ஸில் அந்தப் பழக்கம் மற்ற இளைஞர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கில்லிப்ரூ 2011இல் இறந்தபோது பலர் அவருடைய ஹோம் ரன்களோடு சேர்த்து அந்தக் கையெழுத்தையும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆக, முடியும். நூற்றுக்கணக்கில் போட்டாலும் முடியும். காசு வாங்கிக்கொண்டு போடுகிறவர் தன் பெயரையாவது முழுதாக எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

மார்ச் 10

நேற்றைக்கு எழுதிய கடைசி வரியை அப்படியே விட மனமில்லை. அது இளைஞர்களுக்குப் பொருந்தும். வயதானவர்களுக்குப் பொருந்தாது.

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984இல் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அறுபதுகளில் போட்டதையும் தொண்ணூறுகளுக்குப் பின் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த விரிந்த வீச்செல்லாம் சுருங்கிச் சின்னதாக, நெருக்கமாக, நடுங்கி நிற்கும். விலை பேசுகிறவர்கள் பிந்தையதைக் குறைவாக மதிப்பார்கள். எனக்கு அந்தச் சின்னக் கையெழுத்தைப் பார்க்கும்போதுதான் தொண்டை அடைக்கும். அந்தக் கை எத்தனை பாடுபட்டு அந்த நான்கைந்து எழுத்தை எழுதியிருக்கும்.

ஆகவே 80 வயதுக்காரரின் ப்ரைவேட் சைனிங்குக்கு அனுப்புமுன், அண்மையில் அவர் போட்ட கையெழுத்தின் படத்தைக் கேட்டுப் பாருங்கள். சைனிங் நடத்துபவர்களில் நல்லவர்கள் காட்டுவார்கள். 1975இல் அவர் போட்டதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்குப் பந்து அனுப்பினால் ஏமாற்றம் நிச்சயம். நடுங்கிய கோட்டுக்குப் பணம் திருப்பிக் கேட்பதை மட்டும் என்னால் ஆதரிக்க முடியாது. விரல் பட்டு இழுத்தது வேறு, கை நடுங்கியது வேறு. உங்கள் பந்தில் இருப்பது முதல் வகை என்பதால் கேளுங்கள் என்கிறேன்.

மார்ச் 13

தனிச்செய்தியில் வந்த கேள்வி: 'மை இழுத்திருக்கிறது, பெயர் தப்பு. இத்தனை குறை இருந்தால் அது நிஜமாகவே அவர் போட்டதுதானே? போலி போடுகிறவன் அழகாகப் போட்டிருப்பானே?'

அந்த நினைப்பில் ஆறுதல் தேடாதீர்கள். அழகு, அழகின்மை இரண்டும் சாட்சி ஆகாது. தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணை பெரிது. நாடு முழுக்கப் போலிக் கையெழுத்துகளைச் சான்றிதழோடு விற்ற கூட்டம் பிடிபட்டது. அவர்கள் கைவரிசைக்கு எல்லை இல்லை. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அதில் இருந்தது. அவர் பேஸ்பாலைக் கையில் எடுத்திருப்பாரா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், ஆனாலும் சான்றிதழ் இருக்கிறதே என்று வாங்கத் தயாராக இருந்தவர்கள் உண்டு. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் தன் சொந்த அதெண்டிகேஷன் (உண்மைச் சான்று) ஏற்பாட்டைத் தொடங்கியது. போடும்போது பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி ஒருவர் எண்ணிட்ட ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுவார். பார்க்காததற்கு ஒட்ட மாட்டார்.

போலிக்குப் போகாமலே கையெழுத்து வேறாளுடையதாக இருப்பதும் உண்டு. ஐம்பது, அறுபதுகளில் அணி முழுவதும் கையெழுத்திடும் பந்துகளில் நட்சத்திர ஆட்டக்காரர் பெயரை, அணியின் உடைமாற்றும் அறை (க்ளப்ஹவுஸ்) ஊழியர் போட்டுவிடுவது வழக்கம். பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர் மனைவிதான் பெரும்பாலும் போடுவார்.

கலிஃபோர்னியாவில் 2017இலிருந்து, கையெழுத்துப் பொருள் விற்கும் வியாபாரி சான்று தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' நடிகர் மார்க் ஹாமில் தன் பெயரில் போலிகள் உலவுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதும் அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டமும் உண்மையா என்று மட்டும்தான் பார்க்கும். மை இழுத்ததற்கு அதில் பிரிவு கிடையாது. உங்களுக்கு இருப்பது உங்கள் படிவமும் நடத்துபவரின் நாணயமும்தான்.

உங்கள் பந்து ப்ரைவேட் சைனிங்குக்கு நேரே போய் வந்தது. அங்கே யாராவது சாட்சி ஹோலோகிராம் ஒட்டினார்களா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்மை பற்றிய கவலை வேண்டாம். தரம் போடுபவர்கள் 1 முதல் 10 வரை கையெழுத்துக்கு மதிப்பெண் தருவார்கள். இழுத்த மைக்கு மதிப்பெண் குறையுமே ஒழிய, உண்மைத்தன்மை குறையாது.

மார்ச் 15

இதற்கும் உங்கள் கேள்விக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது, எழுதிவிடுகிறேன்.

நமக்கெல்லாம் ஆட்டோகிராஃப் என்றால் முதலில் பள்ளியின் கடைசி நாள்தான். இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறத்தில் இருக்கும் சின்ன நோட்டு. அதில் ஒருவன் என் பெயரைத் தப்பாக எழுதினான். இன்னொருவன் ஃபவுண்டன் பேனாவில் எழுதி மை காயாமல் மூடிக் கொடுத்தான், எதிர்ப்பக்கத்தில் அப்படியே பதிந்தது. யாரிடமும் வருத்தப்பட்டதாக நினைவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பிறகு சேப்பாக்கத்தில் வாலாஜா சாலைப் பக்கம் ஆட்டக்காரர்களின் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது, ஒருவர் கையெழுத்தும் கிடைக்காமல் திரும்பியது. அப்போதும் ஏமாற்றம்தான், ஆனால் யாரும் கடன் வைத்த மாதிரி இல்லை.

காசு நுழைந்ததும் கணக்கு மாறுகிறது. டான் பிராட்மேன் அடிலெய்டில் தன் வீட்டில் உட்கார்ந்து, உலகம் முழுவதிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு நாள்தோறும் பதில் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். 2001இல் 92 வயதில் இறந்த அவர், முதுமையிலும் நெடுங்காலம் அந்தக் கடமையை விடவில்லை. நேர்மாறாக, பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பில் ரஸ்ஸல் பல வருஷம் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்திருந்தார். கை குலுக்கலாம், உட்கார்ந்து பேசலாம், தாளில் பெயர் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்பது அவர் நிலை. இளவயதில் அதைத் திமிர் என்று நினைத்தேன். மேஜையில் அந்த வாக்கியத்தைச் சொல்லமுடியாமல் திரும்பிய பிறகு ரஸ்ஸலின் பக்கம் நியாயம் அதிகம் தெரிகிறது. தொண்ணூறுகளில் அவரும் காசுக்குப் போட ஆரம்பித்தார். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய தலைமுறை ஆடிய காலத்தில் சம்பளம் என்ன, இன்று என்ன.

மார்ச் 16

இரண்டு வாரமாக மை, தோல், சட்டம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முதல் கேள்வியில் என்னைக் குத்திய வரி வேறு. 'ஸ்கூல்லயும் அப்படித்தானே கூப்பிடறாங்க.'

12 வயதுப் பையன் அதை அமைதியாகச் சொல்லிவிட்டுப் போவது நல்ல அறிகுறி இல்லை. மை இழுத்ததை அவன் மறந்துவிடுவான். தனக்குப் பிடித்த மனிதரும் தன்னைக் கெவின் என்றே எழுதினார் என்பதை மறப்பானா? நான் கவலைப்படுவது அதற்குத்தான். அவனிடம், 'அவருக்கு உன் பெயர் காட்டப்படவே இல்லை, படித்துச் சொன்னவர் தப்பாகச் சொன்னார்' என்பதை, மார்ச் 5இல் எழுதியபடி, மேஜை எப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொன்னால் புரியும், சமாதானம் சொன்னால் பிடிக்காது. அப்புறம், நடத்துபவருக்கு எழுதும் கடிதத்தை அவனுக்குக் காட்டுங்கள். தன் பெயருக்காக அப்பா விடாமல் எழுதுகிறார் என்று அவன் பார்க்கட்டும். வருகிற பந்து எப்படி இருந்தாலும் அது அவனிடம் இருக்கும். பள்ளி ஆசிரியருக்கும் இதே நேரத்தில் ஒரு வரி எழுதலாம்.

அடுத்த முறைக்கு: பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்த மாதிரி எழுதி, தடுமாறக்கூடிய எழுத்தை வட்டமிடுங்கள். உங்களுக்கு, ஆங்கிலத்தில் எழுதும்போது, இரண்டாவது எழுத்து. பக்கத்தில் 'கெவின் இல்லை' என்று எழுதுவது வேண்டாம். அவசரத்தில் படிக்கிறவர் கண்ணில் கெவின் மட்டும் விழும்.

மார்ச் 20

நடத்துபவர் பதில் அனுப்பிவிட்டார் என்பது நல்ல செய்தி. படிவத்தின் நகலைக் கண்டதும் தொனி மாறியிருக்கிறது பாருங்கள். அவர் தரும் இரண்டு வழி: 89 டாலரும் திரும்ப, அல்லது தன்னிடம் உபரியாக இருக்கும், பெயர் எழுதாத, சுத்தமான பந்து ஒன்று. (பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி நிலைமைக்கென்றே சில பந்துகளில் கூடுதலாகப் போட்டு வாங்கி வைப்பார்கள்.)

நான் மூன்றாவதைக் கேட்பேன். சுத்தமான பந்தும், பெயருக்கு வாங்கிய 10 டாலரும். பந்து அவர் தந்த சேவை, பெயர் அவர் தராத சேவை. பத்து டாலர் பெரிய தொகை இல்லை என்பதால்தான் கேட்கச் சொல்கிறேன். அது பெயருக்கான தொகை. பந்தின் இரண்டு பக்கத்தையும் ஹோலோகிராமையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்தபின் ஒப்புக்கொள்ளுங்கள்.

பழைய பந்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் நீங்களாகக் கேட்காதீர்கள்.

மார்ச் 21

முடிவைக் கவினிடமே விடலாமா என்கிறீர்கள். விடுங்கள். ஆனால் பணம், பந்து இரண்டில் எது என்று கேட்காதீர்கள், அது உங்கள் கணக்கு. எந்தப் பந்து தன் அலமாரியில் இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு.

ஏப்ரல் 4

படித்தேன். இரண்டு தரம் படித்தேன். புதுப் பந்து சுத்தமாக வந்திருக்கிறது, 10 டாலரும் வந்துவிட்டது, நல்லது. புதியதை அலமாரியில் வைத்துக்கொண்டு, கெவின் பந்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கேட்ச் ஆடலாமா என்று கேட்கிறானா.

முதலில் எனக்குப் பதறியது. ஹால் ஆஃப் ஃபேமர் போட்ட பந்து, சாட்சி ஹோலோகிராம் இருக்கிறது, புல்லில் உருண்டால் ஒரே நாளில் போய்விடும். 'வேண்டாம்' என்று பாதி எழுதி நிறுத்திவிட்டேன். நன்றாக யோசித்தால், அந்தப் பந்தை விற்க முடியாது, வைத்துப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. தனக்கில்லாத பெயர் எழுதிய பொருளை ஆயுளுக்கும் பெட்டியில் வைத்துக் காப்பாற்று என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நானாக இருந்தால் வைத்திருப்பேன். என் பந்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது என் விருப்பம். அவனுக்கு இந்த ஆட்டம் அலமாரியில் இல்லை, கையில் இருக்கிறது.

ஆடட்டும். ஆடுமுன் உங்களிடம் முழுப் படங்களும் இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரப் புல்லில் வேண்டாம், தோல் ஊறினால் பந்து கனத்துவிடும், 12 வயதுத் தோளுக்கு நல்லதில்லை. புதுப் பந்தை ஒரு நாள் திறந்த இடத்தில், யாரும் தொடாமல் வைத்துவிட்டு அப்புறம் பெட்டியில் போடுங்கள். பெட்டி வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், சன்னலுக்கு எதிர் அலமாரி வேண்டாம். நீல பால்பாயிண்ட் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.